ஸ்டெல்லாவோட அந்த ஒரு வரியில கை வைக்காதீங்க

ஸ்டெல்லா போய்ட்டா. காலைல அவ தம்பி போன் பண்ணினப்ப "விளையாடாதடா"ன்னு கத்திட்டேன்...

தஞ்சாவூர் ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட் அவ. ஆத்துல தண்ணி திறந்தா எந்த வாய்க்கால்ல எப்ப எவ்வளவு போகும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடறதுதான் எங்க வேலை.

மொதல் புரோகிராமை எல்லாரும் சேந்து எழுதினோம். ஊர்ல முறை வச்சுத் தண்ணி பாய்ச்சற மாதிரியே, தலைமடை வயல்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு வயலா கீழ வர்ற லூப், ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்ததுன்னு வரிசையா போற கணக்கு.

ரன் பண்ணினா, மதகு திறந்த உடனே கடைமடைக்குத் தண்ணி! எங்க ஆபீசர் சார் கையே தட்டிட்டாரு.

ஸ்டெல்லா மட்டும் விழுந்து விழுந்து சிரிச்சா. கோடியக்கரைப் பக்கத்துப் பொண்ணு, கடைமடைக்கும் கடைமடை. "இப்படி வந்துச்சுன்னா எங்கப்பா ஏன் சார் வருஷா வருஷம் ரோட்டுல உக்காந்து மறியல் பண்றாரு?"

தப்பு லூப்லதான். மேல் வயல்ல மாறின புது அளவை அடுத்த வயல் எடுத்துக்குது, அதோட புது அளவை அதுக்கு அடுத்தது... ஒரே ஸ்டெப்ல தண்ணி கடைசி வரைக்கும் ஓடிடுது.

லூப்பைத் தூக்கிக் கடாசினா. மொத்த வாய்க்காலையும் ஒரே அர்ரேயா, எல்லா வயலோட அளவும் ஒரே பட்டியலா வச்சு ஒரு வரி எழுதினா... எல்லா வயலும் பழைய அளவை மட்டும் பாத்து, ஒரே நேரத்துல மாறும்.

எந்த வயலும் எந்த வயலுக்காகவும் காத்திருக்க வேண்டாம். அதனால அதே வரி, ஒரு எழுத்து மாத்தாம, பெரிய மெஷின்ல எல்லா கோர்லயும், தனித்தனியா கணக்கு போடற ஒவ்வொரு மூளையிலயும், பிரிஞ்சு ஓடிச்சு.

"எப்படிடி தோணுச்சு?"ன்னு டீக்கடையில கேட்டேன். "திருவையாத்துக்காரி நீ, தலைமடை... உனக்கு எங்க தோணும்?"னுட்டு என் பஜ்ஜியையும் எடுத்துத் தின்னா.

இப்ப என்ன நடக்குது தெரியுமா? அவ ஆஸ்பத்திரில கிடந்தப்பவே ஆபீஸ்ல ஆரம்பிச்சுட்டாங்க. "அவங்க ஸ்டைல் யாருக்கும் புரியலை, பழையபடி லூப்பா மாத்திடலாம், அந்த வரிக்கு மேல எழுதியிருக்கிற அவங்க பேரையும் எடுத்துடலாம்"னு.

புரியலைன்னா உக்காந்து படிங்க. அப்பவும் புரியலையா, என்கிட்ட வாங்க, சொல்றேன்.

அந்த வரியில கை வைக்கணும்னா முதல்ல என்னை வேலைய விட்டுத் தூக்குங்க. சாரும் இதைப் படிப்பாருன்னு தெரிஞ்சுதான் எழுதறேன்.

சாயங்காலம் அவ ஊர்ல அடக்கம். கிளம்பறேன்...

போய்ட்டு வாடி, கடைமடைக்காரி. உன் பேரு அங்கயேதான் இருக்கும்.