போட்டவருக்கு அடுப்பு

எங்கள் கல்லியின், அதாவது சந்தின், கடைசியில் ஒரு கழிவுத் தொட்டி இருக்கிறது. கழிவு என்றதும் மூக்கைப் பிடிக்க வேண்டாம். தாராவியில் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் இட்லி மாவு வியாபாரம்தான். மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர், காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, கோயிலில் வாடிய பூ எல்லாம் கலந்து அதற்குள் போகும். உள்ளே மக்கி, எரிவாயுவாகி, பக்கத்துத் தகரக் கொட்டகைக்குக் குழாயில் வரும். அங்கே பொதுவில் ஒரு பெரிய அடுப்பு. தொட்டியில் போடுகிற வீட்டுக்கு அந்த அடுப்பில் தினமும் ஒரு முறை உண்டு, போடாதவருக்குக் கிடையாது. ரேஷன் கடை வரிசையைவிட அது கறாராக நடந்தது.

காலையில் முதல் முறை மட்டன் கடை பாயுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆட்டின் வயிற்றில் இருக்கும் பாதி செரித்த தழையை ஒரு பால்டி, நம்மூர் வாளி, நிறையக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டுவார். பிறகு அடுப்பில் தண்ணீர் சுட வைத்துக் குடத்தில் எடுத்துப் போவார். அவர் மனைவி வாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். பிள்ளை குட்டி இல்லை. வீட்டுச் சிலிண்டரைச் சோற்றுக்கே இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டும். அதனால் இந்த வெந்நீரில் துணி நனைத்து மனைவியின் உடம்பைத் துடைத்துவிட்டுத்தான் பாய் கடை திறப்பார். தண்ணீரில் சூடு கொஞ்சம் குறைந்தாலும் அந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அதைச் சொல்லும்போது மட்டும் பாய் சிரிப்பார்.

ஆடியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. இந்தத் தடவை கூழைப் பொது அடுப்பிலேயே காய்ச்சுவது என்று கோயில் கமிட்டியில் முடிவானது. தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவள் நான் என்பதால் கமிட்டித் தலைவர் அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"தாயி, கொடை முடியுத வரைக்கும் பாய் பால்டி வேண்டாம். அம்மனுக்குக் காய்ச்சுத தீயில குடல் சமாச்சாரம் கலக்கப்பிடாது."

"ஊர்க் கொடையில கெடா வெட்டுதவுகதான நாம? அது மட்டும் அம்மனுக்கு ஆவுமாக்கும்?"

"அது வேற, இது வேற" என்றார். நான் தொண்டை வறளக் கத்தியதுதான் மிச்சம். அவரே போய்ப் பாயிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் பால்டி வரவில்லை. குடமும் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, கடைக்கே போனேன். "தண்ணி எடுக்க வேண்டாம்னு யாரும் சொல்லலையே பாய்" என்றேன். அவர் கறி வெட்டுவதை நிறுத்தாமல், "போடாம எப்படித் தங்கச்சி எடுக்கது? எல்லாருக்கும் ஒரே சட்டம்தான" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

கொடை முடிந்தது. பாயை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. மிஞ்சிய கூழைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, அம்மன் பிரசாதம் என்று சொல்லி, அண்டா அண்டாவாகத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்கள். இரண்டு நாளில் மூடியைத் திறந்தால் குப்பென்று அடித்தது. மாவு அரைக்கிறவளுக்குப் புளிப்பு தெரியாதா? மாவு புளித்தால் எனக்குப் பிழைப்பு. தொட்டி புளித்தால் தீ செத்துப்போகும். தொட்டி வைத்துக் கொடுத்த ஆளுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நாளைக்குக் கூழ், மாவு எதையும் போடாதே, சுண்ணாம்பு கலக்கு, ஆட்டு வயிற்றுத் தழையை மறுபடி போடு, தேற நாளாகும் என்று இந்தியில் சொன்னான். அண்ணாச்சியிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே பாயின் மனைவி இறந்துபோனார். அடக்கத்துக்கு முன் மையத்தை, இறந்த உடலை, குளிப்பாட்ட வெதுவெதுப்பான தண்ணீர் நிறைய வேண்டும். கொட்டகைக்கு ஓடிப்போய்த் தீக்குச்சியைக் கிழித்தேன். தீ பிடித்தது, நடுங்கியது, அணைந்தது. பிறகு அவரவர் வீட்டுச் சிலிண்டரில் சுட வைத்துக் குடம் குடமாகக் கொண்டுபோனோம். அண்ணாச்சியும் ஒரு குடத்தைத் தாமே சுமந்துவந்து வாசலில் இறக்கினார். பாய் எல்லாருக்கும் ஒரே மாதிரி தலையசைத்தார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு கிடந்தவளுக்கு ஒரு குடம் வெந்நீர் இல்லாமல் செய்துவிட்டு, இப்போது கல்லியே சுமந்து வருகிறோம்.

சில நாள் கழித்து அண்ணாச்சியே போய்ப் பாயைக் கூப்பிட்டார். என்ன பேசினாரோ தெரியாது. மறுநாளிலிருந்து பாய் பால்டியோடு வந்தார். கொட்டுவார், பால்டியை அலசுவார், போய்விடுவார். தொட்டி மெல்லத் தேறியது. ஒரு காலையில் அடுப்பைப் பற்றவைத்தபோது தீ நீலமாக நின்றது. எனக்கு அத்தனை சந்தோஷம். பால்டியை அலசிக்கொண்டிருந்தவரிடம் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"ஒங்க முறைதான் பாய். தண்ணி வைக்கட்டா?"

அவர் நிமிர்ந்து அடுப்பைப் பார்த்தார்.

"யாருக்குத் தங்கச்சி?" என்றார்.

அவர் போன பிறகு அடுத்த வீட்டுக்காரி குக்கரோடு வந்து நின்றாள். பாய் முறை முடியட்டும் என்று அவளை நிறுத்திவைத்தேன்.