இங்கே யாரும் எதையும் பேசலாம்

கண்டனூரில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக்கி நடத்துகிறார்கள். அங்கே வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. மேலாளர் சென்னையிலிருந்து வந்தவர். வந்த வேகத்தில் தினமும் காலைக் கூட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் எங்களோடு அவரும் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். இங்கே பெரியவர் சின்னவர் கிடையாது, யாரும் எதையும் பேசலாம் என்பார். நானும் நம்பித் தொலைத்தேன்.

அந்த வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஆளுக்கோர் அறை, ஆளுக்கொரு சாவி. மற்றவர்கள் தங்கள் அறைகளை ஓட்டலுக்கு விட்டுவிட, ஓர் ஆச்சி மட்டும் தன்னுடையதைப் பூட்டி வைத்திருந்தார். கோயமுத்தூரில் மகனோடு இருப்பவர், கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் வந்துபோவார். என்னை இந்த வேலைக்குச் சொல்லிவிட்டவரே அவர்தான். வந்தால் கைப்பையை என் மேசையில் வைத்து, "பாத்துக்கங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போவார்.

மார்கழியில் கூட்டம் நெரிந்தது. ஆச்சியின் அறையையும் திறந்து விருந்தினருக்கு விடலாம் என்றார் மேலாளர். நான் காலைக் கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன். ஆச்சி இறந்துபோன தன் மாமியாருக்குப் படைத்த புடவை வைத்த பெட்டி உள்ளே இருக்கிறது, அவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றேன். இந்தத் தைரியம்தான் வேண்டும் என்று மேலாளர் கைதட்டினார், எல்லாரையும் தட்டச் சொன்னார். ஆச்சியிடம் தானே பேசிக்கொள்வதாகவும், வீட்டுக்காரர்களோடு வேறு யாரும் பேசக்கூடாது என்றும் முடித்தார்.

சில நாள் கழித்துக் கேட்டேன். பேசியாகிவிட்டதாம், ஆச்சியே பூட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். பூட்டு மாறியது. பெட்டி பின்கட்டில் அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

தையில் ஆச்சி படைப்புக்கு வந்தார். சாவி நுழையவில்லை. திரும்பத் திரும்பத் திருகிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரர் துண்டோடு கதவைத் திறந்தார்.

மேலாளர் கைகூப்பியபடி ஓடி வந்தார். "மன்னிக்கணும் மேடம். இவர்தான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். கம்யூனிகேஷன் கேப்."

நீங்கள்தானே பேசிவிட்டதாகச் சொன்னீர்கள் என்றேன். பெரியவங்க முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று என் தோளைத் தட்டினார். பக்கத்தில் சமையல் மாஸ்டர் நின்றார். கூட்டத்தில் எல்லாவற்றையும் கேட்டவர், எனக்காகக் கைதட்டியவர். அவரைப் பார்த்தேன். அவர் முற்றத்து வானத்தில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆச்சி என் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தம்பி. நீங்க இருக்கீகன்னுதானே நிம்மதியா இருந்தேன்."

மறுநாள் காலைக் கூட்டத்தில், தகவலை உரியவரிடம் சேர்ப்பது எப்படி என்று மேலாளர் பாடம் நடத்தினார். வெளியே வந்ததும் மாஸ்டர் என் காதருகே, நான் சொன்னது நியாயம்தான், ஆனால் தனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார். எனக்கு இருப்பது மட்டும் என்ன, மண்பொம்மையா? அன்றிலிருந்து அவர் போடும் காபி எனக்குக் கசக்கிறது.

ஆச்சிக்கு அறை திரும்பக் கிடைத்துவிட்டது. இப்போதும் வருகிறார். மேலாளருக்கு அவர் கையால் பலகாரம்கூட வருகிறது. "வாங்க ஆச்சி" என்று எழுந்து நிற்கிறேன். தலையை மட்டும் அசைக்கிறார். கோயிலுக்குப் போகும்போது கைப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறார்.