ஆற்று நீரில் கழுவிய செடிகள்

ம்டென்டு ஆற்றுப் பள்ளத்தாக்கில் எங்கள் எல்லோருக்கும் சோறு போடுவது கஞ்சாதான். என் பக்கத்து வயல்காரி மாம்பெலே வளர்த்தது பழைய நெட்டை வகை. இரண்டு ஆள் உயரம் போகும். இலை மெலிந்து நீண்டிருக்கும். பூ முற்ற ஏப்ரல் ஆகிவிடும். மற்ற நாங்கள் எல்லோரும் வெளியூர்க் குட்டை விதைக்கு மாறி, பிப்ரவரியிலேயே அறுத்து விற்றுவிட்டோம். அவள் மாறவில்லை. குட்டையைப் புகைத்தால் ஆளைச் சாய்த்துவிடும், நெட்டைதான் எழுப்பி நடக்கவைக்கும் என்பாள். காலையில் குழாயில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கினால், மதியம் வரை அந்தச் சரிவில் அவள் பாட்டுத்தான் கேட்கும்.

அவள் கணவன் பெயர் வுயிசிலே; சுரங்க வேலையில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வந்தவன்.

"ஊரே அறுத்து வித்தாச்சு. நீ மட்டும் செடியோட குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கே."

"நடத்துறேன். அது இருமாம நிக்குதுல்ல."

முந்தைய வருடம் விளைச்சல் மோசம். அதனால் அந்த வருடம் கையிலிருந்த விதை முழுவதையும் விதைத்திருந்தாள். மார்ச்சில், மொட்டு கட்டும் நேரத்தில், கஞ்சாவை அழிக்க மருந்தடிக்கும் போலீஸ் ஹெலிகாப்டர் வந்தது. குட்டைச் செடிக்காரர்களின் வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. பச்சையாக நின்றது அவளுடையது மட்டும்தான்.

மாம்பெலே வயலுக்குள் ஓடி, போர்வையைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து நின்றாள். ஆள் நிற்கும் இடத்தில் அடிக்க மாட்டார்கள் என்று நம்பினாள். ஹெலிகாப்டர் ஒரு சுற்றுச் சுற்றியது. அவளைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு தாழ வந்து அடித்துவிட்டுப் போனது. பக்கத்தில் இருந்த சோளமும் பூசணியும்கூட நனைந்தன.

அவள் அழவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினாள். ஒவ்வொரு செடியையும் வளைத்துப் பிடித்து, இலை இலையாகக் கழுவினாள். கண்கள் வீங்கி, கைகள் எரிந்தன. போதும் என்று நாங்கள் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வுயிசிலேயும் ஒரு பானையோடு வந்தான். இருமிக்கொண்டே ஏறினான், இறங்கினான்.

சில நாட்களில் நுனி மஞ்சளித்தது. பிறகு தண்டு வரை காய்ந்தது. சோளமும் போயிற்று.

பழைய விதை தேடி மாம்பெலே மேலாற்று ஊர்களுக்கெல்லாம் நடந்தாள். ஒரு வீட்டில் அவளை உட்காரவைத்து, விருந்தாளிக்குத் தரும் புளித்த பால் கொடுத்தார்களாம். "அதையெல்லாம் இன்னும் யாரு வச்சிருக்கா, அக்கா?" என்று அந்த வீட்டுக்காரி வருத்தத்தோடுதான் கேட்டாளாம்.

அடுத்த மழைக்கு நான்தான் அவளுக்குக் குட்டை விதை கொடுத்தேன். இரண்டு வரிசை போட்டாள். மூன்றாவதில் பாதியில் குழியருகே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றான் வுயிசிலே.

"கை வரமாட்டேங்குது."

அவன் அவள் மடியிலிருந்த விதையை அள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க, மிச்ச வரிசையைப் போட்டு முடித்தான்.