கையெழுத்து வாங்கிய பிறகு கொடுத்த கடிதம்

அந்தத் தெருக்களில் என்னை ‘ஊதற பொண்ணு’ என்றுதான் சொல்வார்கள். என் பெயர் பல பேருக்குத் தெரியாது. ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரைக்கும், அதே வீடுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பதினோரு வருடம் போய் வந்திருக்கிறேன். தோளில் ஒரு பை. அதற்குள் மூச்சை அளக்கும் கருவி, வாயில் வைக்க அட்டைக் குழாய்கள், கேள்வித்தாள் கட்டு. இந்தப் பக்கத்துக் காற்றை வருடக்கணக்காக இழுத்து விடுகிறவர்களின் நுரையீரல் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆய்வு அது. ஒருமுறை சேர்த்த ஆட்களை, அவர்கள் எங்கே போனாலும், விடாமல் பின்தொடர வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. பிடித்து வைப்பதுதான் உயிரை வாங்கும். முதல் தடவை தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். ஆண்கள், “குடிச்சிகீறேனான்னு பாக்கறியா?” என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே ஊதுவார்கள். மூன்றாவது வருடம் அதே ஆள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார். அவர் வீட்டில் இல்லை என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அவருடைய இருமல் கேட்கும். நான் நகர மாட்டேன். வாசலிலேயே உட்கார்ந்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். கடைசியில் அவரே வெட்கப்பட்டுக்கொண்டு வந்து ஊதிவிட்டுப் போவார்.

இது எனக்கு வீட்டிலேயே வந்த பழக்கம். என் அப்பா தெற்கிலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர். எந்த வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை, யார் மாமியார் ஆஸ்பத்திரியில் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சாமான் கட்டும்போதே விசாரித்துவிடுவார். வந்த ஆள் வேறு கடைக்குப் போக மாட்டார். அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அரிசியில் வண்டு இருந்தால் தானாக வாயைத் திறக்க மாட்டார். வாங்கினவர்கள் வந்து சொல்லட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்பார். இரண்டையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று போன் நம்பர்: அவர்களுடையது, சொந்தக்காரர் ஒருவருடையது, தெருமுனை டீக்கடையுடையது. எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை போகக்கூடாது, எந்த வீட்டில் மருமகளைப் பற்றிக் கேட்கக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். மஞ்சள் நீராட்டுக்குப் போவேன். சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு போவேன். வீடுகளை இடித்து ஒரு தெருவையே வேறு இடத்துக்கு மாற்றியபோது, சாமான் ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டியில் போய், புது வீட்டு எண்களை எழுதிக்கொண்டு வந்தவள் நான். என் பகுதியில் ஒருவர்கூட விலகியதில்லை. ஆபீஸ் கூட்டத்தில் அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

என் பட்டியலில் ஓர் அக்கா திருவொற்றியூரில் இருந்தார். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைக்கு ஒரு சந்து தள்ளி வீடு. விடியற்காலையில் சாலை ஓரமாக அடுப்பு வைத்து ஆப்பம் ஊற்றி விற்பார். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரைவர்கள்தான் வாடிக்கை. லாரிகள் இன்ஜினை அணைக்காமல் நிற்கும். அக்காவின் மாவுக் குண்டானை மூடிய துணி, வெள்ளையாகக் காலையில் வந்து பத்து மணிக்குச் சாம்பல் நிறமாக வீட்டுக்குத் திரும்பும். கணவர் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். பிள்ளைகள் இல்லை.

முதல் தடவை அக்காவுக்கு ஊதவே வரவில்லை. குழாயை வாயில் வைத்ததும் சிரிப்பு வந்துவிடும். நான் எதிரில் நின்று, இழுங்க, இழுங்க, இப்போ ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க என்று பிரசவம் பார்க்கிற மாதிரி கத்துவேன். சரியாக மூன்று ஊதல் வேண்டும். அக்காவுக்கு எட்டாவது, ஒன்பதாவது வரை போகும். முடிந்ததும் எனக்கு ஒரு ஆப்பம், தேங்காய்ப்பால். வேண்டாம் என்று சொன்னால் கோபம் வரும். வருடங்கள் போகப் போக அக்கா தன் மூச்சுக்கு என்னையே பொறுப்பாக்கிவிட்டார். இருமினால், ‘அந்தப் பொண்ணு வரும், பாத்துக்கும்’ என்பாராம். நான் டாக்டர் இல்லை, நர்ஸ்கூட இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர் அதை அடக்கமாக எடுத்துக்கொண்டார்.

அக்காவின் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. திரையில் வரும் கோட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். ஆனால் முடிவைப் பற்றிக் களத்தில் இருப்பவர்கள் வாய் திறக்கக்கூடாது. ஓர் அளவுக்குக் கீழே போனால் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும்: உங்கள் மூச்சின் அளவு குறைந்துள்ளது, உடனே அரசு மருத்துவமனையில் காட்டவும் என்று. முன்பெல்லாம் அதைத் தபாலில்தான் அனுப்பினார்கள். அப்படி அனுப்பியதில், வேறொருவர் பார்த்துக்கொண்ட எம்.கே.பி. நகரில் பல குடும்பங்கள் ஒட்டுமொத்தமாக விலகிவிட்டன. நீங்கள் வந்து ஊதச் சொன்ன பிறகுதான் சீக்கே வந்தது என்று சண்டைக்கு வந்தார்கள். அதன் பிறகு கடிதத்தை நாங்களே கையில் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடானது. “பக்குவமா சொல்லுங்க, பயந்துடப் போறாங்க,” என்றார் என் மேற்பார்வையாளர். பயந்தால் விலகிவிடுவார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். இரண்டு பேருக்கும் அது புரிந்தது.

அக்காவுக்குக் கடிதம் வந்த அதே தடவை, அடுத்த ஐந்து வருடத்துக்கு ஆய்வில் தொடரச் சம்மதம் என்று கையெழுத்தும் வாங்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே பையில் இருந்தன. போகும் வழியில் டோல்கேட் சிக்னலில் நிற்கும்போதே முடிவு செய்துவிட்டேன். முதலில் கையெழுத்து, பிறகு கடிதம். யாரும் எனக்கு அப்படிச் செய்யச் சொல்லித் தரவில்லை.

அக்கா கையெழுத்துப் போட்டார். நான் கடிதத்தை நீட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா கண்ணு போட்டுகீது இதுல?”

“ஒண்ணுமில்லக்கா. ஆபீஸ் வழக்கம். எல்லாருக்கும் குடுக்கறதுதான்.”

அவ்வளவுதான் சொன்னேன். வாய் தவறி வந்ததில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரையும் விடாதவள், இவரை மட்டும் விட்டுவிடுவதா என்ற எண்ணம்தான். கடிதத்தில்தான் எல்லாம் எழுதியிருக்கிறதே, யாராவது படித்துச் சொல்வார்கள், அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்றும் ஆப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது அக்கா ஓர் ஊதலுக்கே களைத்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். நல்லாகீதா என்று கண்ணாலேயே கேட்டார். நான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால், ஏன் போகணும் என்று அவர் கேட்பாரே என்று பயம்.

அதற்கடுத்த தடவை சாலை ஓரத்தில் அடுப்பு இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அது எனக்குத் தாங்கவில்லை. நுரையீரல் சுருங்கிப்போய்விட்டதாம். ஒரு வருடம் முன்னாலேயே வந்திருந்தால் இந்த வேகத்தில் போகவிடாமல் தடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அவர் கணவர் வராந்தாவில் நின்று சொன்னார். மூன்று வாரத்தில் அக்கா போய்விட்டார். வழக்கம்போல மாலை வாங்கிக்கொண்டு போனேன். வழக்கம்போல என்று எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அவர் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது. அவர்கள் கடிதத்தைப் படிக்காமலே எங்கேயாவது போட்டிருப்பார்கள், படித்திருந்தாலும் புரிந்திருக்காது, அப்படியானால் பழியில் பாதி அவர்களுடையது. இப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்றால், நினைத்தேன்.

கடிதத்தைப் பற்றிப் பேச்சை எடுத்ததுமே அவர் கையமர்த்தினார். குரலில் கோபமே இல்லை.

“அத்த அன்னிக்கே படிச்சிட்டோம்மா. மேல் வூட்டு வாத்தியாரு படிச்சி சொன்னாரு, ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன்னு. நானும் கெளம்புன்னேன். அவதான் கேக்கல. அந்தப் பொண்ணு எத்தினி வருசமா வூட்டுக்கு வந்துகினு கீது, ஒண்ணியும் இல்லன்னு அது வாயால சொல்லிச்சு, அத்த வுட்டுட்டு பேப்பர நம்ப சொல்றியான்னா.”

பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். நான்தான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். போய் வாம்மா என்று மட்டும் சொன்னார்.

அக்காவிடம் கொடுத்ததுபோலவே, அதே வார்த்தைகளைச் சொல்லி, இன்னும் மூன்று வீடுகளில் கடிதம் கொடுத்திருந்தேன். மறுநாளே கிளம்பினேன். மேற்பார்வையாளரிடம் கேட்கவில்லை. ராயபுரத்து வீட்டில் கடிதம் வாங்கிய பெரியவர் என் பேச்சைப் பொருட்படுத்தாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எண்ணூரில் ஒரு அம்மாவிடம் அழுதேவிட்டேன். அவர் என்னைத் தேற்றிவிட்டு, அந்த வாரமே மகளோடு போனார். மூன்றாவது, மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் ஓர் அண்ணன். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். இரண்டு பெண் குழந்தைகள். மூன்றில் அவருடைய எண்கள்தான் மோசம்.

சவாரி முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் ஊத வந்துவிட்டாயா என்று கிண்டல் செய்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அன்றைக்குக் கொடுத்த கடிதம் வழக்கமானது இல்லை, உங்கள் மூச்சு நிஜமாகவே குறைந்திருக்கிறது, நாளைக்கே போய்க் காட்டுங்கள் என்று. முதலில் அவருக்குப் புரியவில்லை. உள்ளேயிருந்து மனைவி வந்து நின்றார்.

“அப்போ அன்னிக்கி ஏன் ஒண்ணுமில்லன்ன?”

“பயந்துகிட்டு ஆய்வை விட்டுப் போயிடுவீங்கன்னு.”

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதிலேயே விழுந்தது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டால் காலை மெதுவாகத் துடைத்துக்கொண்டார். தங்கள் பெயர்களை எல்லாம் அடித்துவிடச் சொன்னார். இனிமேல் இந்த வாசலுக்கு வரக்கூடாது என்றார். நான் சரி என்றேன். விலகல் படிவத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். மனைவி என்னைப் பார்க்காமல் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போவீங்களாண்ணே?”

“அத்த இனிமே உன்கிட்ட இன்னாத்துக்கு சொல்லணும்?”

விலகியவர்களின் வீட்டுக்குப் போகவோ போன் செய்யவோ கூடாது என்பது எங்கள் விதி. அந்த ஒரு விதியை நான் மீறவில்லை. அவர் போனாரா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.