பெரிய வாய்க் காபரேட்டர்

பூண்டுலோயாவிலிருந்து நான்கு கட்டை தூரம் மேலே ஏறினால் வரும் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பிட்டராக, மெஷின்களைப் பழுது பார்ப்பவராக இருந்தவர் சூசைரட்ணம். லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கொழுந்துச் சாக்கு சுமந்து, மெஷினுக்கு அடியில் எண்ணெய்க் கையோடு கிடந்து, முப்பத்திரண்டு வயதில் அந்த வேலையைப் பிடித்தவர். காதை வைத்துக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிஸ்பென்சர் அமிர்தநாதனிடம் ஒரு பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒற்றைச் சிலிண்டர் வண்டி. மருந்துப் பெட்டியோடு மேல் டிவிஷன் ஏற்றத்தில் அது திணறியபோது, சூசைரட்ணம்தான் சிலிண்டரைக் கண்டியில் குடைந்து அகலமாக்கக் கொடுத்து, உடைத்துப் போட்ட காரொன்றின் பிஸ்டனைத் திருத்தி உள்ளே ஏற்றினார். அதற்குப் பிறகு வண்டி எருமை மாதிரி இழுத்தது. நான்கு வருடம் இழுத்தது. 1979இல், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு விடும் காபரேட்டர் போய்விட்டது. உள்ளே ஏறி இறங்கும் சிலைடு தேய்ந்து, உடம்பில் கீறல் விழுந்து, பெட்ரோல் ஒழுகத் தொடங்கியது.

"நீயே கொழும்புக்குப் போயி பாத்து எடுத்துட்டு வா சூசை. எனக்கு அதுல ஒண்ணும் வெளங்காது" என்றார் டிஸ்பென்சர்.

சூசைரட்ணம் நானுஓயாவில் ரயிலேறினார். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகள் அடுத்தடுத்து இருந்தன. இறக்குமதி திறந்துவிட்ட புதிது. முன்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாசக்கணக்கில் காத்திருந்த சாமானெல்லாம் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்கின. ஒரு கடையில் தாடி நரைத்த ஹாஜியார் ஒருவர் பழைய காபரேட்டரை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வண்டியைப் பற்றிக் கேட்டார். பிறகு இரண்டு காபரேட்டர்களை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார்.

ஒன்று பழையதின் அளவேதான். மற்றது வாய் அகன்றது, ஜப்பான் சாமான், வெள்ளி மாதிரிப் பளபளத்தது.

"பிஸ்டன் பெருசு போட்டிருக்கீங்கதான். ஆனா உங்க வண்டி ஓட்டப் பந்தயத்துக்குப் போகல. மெதுவா மலை ஏறணும். இந்தச் சின்னதே போதும் தம்பி. பெட்ரோல் வர்ற ஜெட்ட மட்டும் ஒரு நம்பர் கொறச்சுப் போடுங்க, அங்க மேல காத்து மெலிசு" என்றார் ஹாஜியார்.

சூசைரட்ணத்துக்கும் அது தெரியும். காற்று நுழையும் வழி அகன்றால், இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது காற்றின் வேகம் செத்துவிடும். பெட்ரோலை இழுத்துச் சிதறடிக்க அதற்குப் பலம் போதாது. ரயிலில் வரும்போதே இதையெல்லாம் யோசித்து, சின்னதைத்தான் வாங்குவது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். அவர் கை சின்னதின் மேல்தான் போனது.

அப்போது கடைக்குள் இரண்டு இளவட்டங்கள் நின்றிருந்தார்கள். வாசலில் நின்ற புது வண்டி அவர்களுடையது. ஒருவன் மற்றவனிடம், மெதுவாகச் சொல்வது போல ஆனால் காதில் விழும்படி, "தோட்டக்காட்டானுக்குச் சின்னதே காணும்தானே" என்றான். மற்றவன் சிரித்தான்.

சூசைரட்ணத்துக்குக் காது சுட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. தன் சட்டைக் கைமடிப்பில் எண்ணெய்க் கறை இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. சின்னதைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தப் பெருசயே குடுங்க" என்றார்.

"தம்பி, ஏத்தத்துக்கு..."

"வண்டியக் கட்டுனவன் நான்தாங்க. எனக்குத் தெரியும்."

ஹாஜியார் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

தோட்டத்துக்கு வந்து அதைப் பொருத்தி, தொழிற்சாலைக்கு முன்னாலிருந்த சமதரையில் முறுக்கிப் பிடித்தபோது வண்டி பாய்ந்தது. சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வந்து பார்த்தார்கள். ஏற்றத்தில்தான் வண்டவாளம் தெரிந்தது. மெதுவாகத் திருகினால் விக்கியது. வேகமாகத் திருகினால் மூச்சு முட்டி நின்றது. மூன்று நாள் சூசைரட்ணம் ஊசியை ஏற்றினார், இறக்கினார், ஜெட்டை மாற்றினார். ஓரளவுக்கு வந்தது. "ஓடி ஓடித்தான் பழகும் ஐயா" என்று சொல்லி வண்டியைக் கொடுத்தார்.

அடுத்த வாரம் மேல் டிவிஷனில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி கொட்டியது. மீனம்மா என்பவள் ஓட முடியாமல் செடிக்குள் விழுந்துவிட்டாள். ஆள் வந்து சொன்னதும் டிஸ்பென்சர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏழாம் வளைவில் வண்டி நின்றது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்து, பிறகு மழையில் ஒரு மணி நேரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து போய்ச் சேர்ந்தார். மீனம்மா பிழைத்துக்கொண்டாள். ஆனால் டிஸ்பென்சர் வந்தபோது அவள் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற சனம் அவரைப் பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

சாயந்தரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே தொழிற்சாலைக்கு வந்தார். உடம்பெல்லாம் சேறு.

"அந்தப் பொம்பள செத்திருப்பா சூசை! என்ன வண்டி செஞ்சு குடுத்திருக்க நீ? இந்த எடத்துலயே சொல்லு, என்ன கோளாறு?"

வேலை முடிந்து போகிற ஆட்கள் நின்றுவிட்டார்கள். சூசைரட்ணம் குனிந்து ப்ளக்கைக் கழற்றினார். அது கரி பிடித்துக் கறுத்திருந்தது. பெட்ரோல் சரியாக எரியவில்லை, காபரேட்டர்தான் குற்றவாளி என்று அந்தக் கரியே சொன்னது. அவர் அதைத் தன் காற்சட்டையில் துடைத்தார். துடைத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குங்க ஐயா."

அதை யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. யார் பேரையும் சொல்லவில்லை. அந்த ஒன்றைத்தான் பிற்பாடு பல வாரம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்: நான் யார் பேரையும் சொல்லலையே.

சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பூண்டுலோயாவுக்குப் போய் கேனில் பெட்ரோல் வாங்கி வருகிறவர் ஒரே ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்த பழனியாண்டி. நாற்பத்தைந்து வயது மனிதர். புண் கழுவுவார், கட்டுப் போடுவார், பிணம் என்றாலும் முகம் சுளிக்காமல் தூக்குவார். அவரை அங்கேயே கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"பெட்ரோல வித்துட்டு தண்ணி ஊத்துனியா?" என்று டிஸ்பென்சர் கேட்டார்.

"நான் ஏங்கய்யா அப்புடிச் செய்யப் போறேன்?" பழனியாண்டி சூசைரட்ணத்தின் பக்கம் திரும்பினார். "பிட்டரய்யா, நீங்க கேனத் தெறந்து பாத்தீங்களா?"

சூசைரட்ணம் கீழே கிடந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார். எடுத்த பிறகும் நிமிரவில்லை.

மறுநாள் பழனியாண்டி ஆஸ்பத்திரி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, இரும்பு முள்ளால் முள்ளுக்குத்த மலைக்கு அனுப்பப்பட்டார். பதினொரு வருடம் கூரைக்குக் கீழே வேலை செய்த மனிதர், மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு மண்ணைக் கிளறப் போனார்.

சூசைரட்ணத்தின் மனைவி தெரேசா பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தாள். மலைக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பழனியாண்டியின் மனைவி அம்மாக்கண்ணுவும் தன் கடைக்குட்டியை அங்கேதான் விடுவாள். ஒருநாள் தெரேசா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அம்மாக்கண்ணுவ எல்லாரும் தண்ணிக்காரன் பொஞ்சாதின்னு கூப்புடுறாங்க. பீலியில தண்ணி புடிக்கப் போனா சிரிக்கிறாங்களாம். அந்த மனுசன் அப்புடிச் செஞ்சிருப்பாருன்னு நெனைக்கிறீங்களா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் சூசைரட்ணம். தட்டில் இருந்ததைத் தின்ன முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் நற்கருணை நன்மை வாங்க எழுந்து போகாமல் பின் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். தெரேசா அதைப் பார்த்தாள்.

டாங்கியைக் கழுவ வேண்டும் என்று சாக்குச் சொல்லி, வண்டியையும் கேனையும் அதுவரை தொழிற்சாலையிலேயே போட்டு வைத்திருந்தார். கடைசியில் ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், பெரிய காபரேட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி ரயிலேறினார். ஹாஜியார் அதைப் பார்த்தார், சூசைரட்ணத்தின் முகத்தைப் பார்த்தார், எழுந்து போய் உள்ளேயிருந்து அந்தச் சின்னதையே கொண்டு வந்து வைத்தார். "ஜெட் ஒரு நம்பர் கொறச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு பகலில் பொருத்தி, பழனியாண்டி கடைசியாக வாங்கி வைத்திருந்த அதே கேன் பெட்ரோலை ஊற்றினார். இரண்டாம் உதையில் வண்டி பிடித்தது. ஏழாம் வளைவில் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தார். ஒரு விக்கல் இல்லை. மேல் டிவிஷன் வரை முக்காமல் ஏறியது. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்.

டிஸ்பென்சர் திங்கட்கிழமை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து அவர் தோளைத் தட்டினார். "பாத்தியா சூசை, அந்தாள மாத்துனதும் வண்டி எப்புடி ஓடுது!"

சூசைரட்ணத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். கொழும்புக் கடையில் நடந்ததையும், ப்ளக்கைத் துடைத்ததையும்கூடச் சொன்னார்.

டிஸ்பென்சர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இத ஏன் இப்ப வந்து சொல்ற? தொரைக்கு நான் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்துட்டேன். இனி நான் போயி என்னன்னு சொல்றது? விடு. அவனும் மலையில பழகியிருப்பான்" என்றார்.

தன்னைப் போலவே இன்னொரு மனிதன் ஒரு பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்வதை சூசைரட்ணம் அப்போது கண்ணெதிரே பார்த்தார். வெளியிலிருந்து பார்க்க அது எவ்வளவு அசிங்கமாக இருந்தது!

மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்துக்குப் போனார். மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா கணேசமூர்த்தி பேர் வாசித்து மலை பிரித்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலைப் பிட்டருக்கு அங்கே வேலையில்லை; எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கண்டாக்கையா, ஒரு வார்த்த சொல்லணும்" என்றார். "டாக்டரய்யா வண்டி நின்னதுக்குப் பெட்ரோல் காரணமில்ல. நான் தப்பான காபரேட்டரப் போட்டேன். பழனியாண்டி அண்ணன் ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல. நான் சொன்னது பொய்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். "பிட்டருக்கே தெரியாமப் போச்சா?" என்றது ஒரு குரல். பழனியாண்டி மண் கிளறும் முள்ளைத் தோளில் வைத்தபடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாக்கண்ணுதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"ரெண்டு மாசமா வாயில என்னத்தங்க வச்சிருந்தீங்க பிட்டரய்யா?"

அவள் பதிலுக்காக நின்றாள். பிறகு கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தாள்.

பேச்சு தோட்டத் தொரையின் பங்களா வரை போனது. பெரிய தொரை டிஸ்பென்சரைக் கூப்பிட்டு விசாரித்தார். இரண்டு வாரத்தில் பழனியாண்டி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். சூசைரட்ணத்துக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. அந்தக் கடுதாசி அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

பெட்ரோல் வாங்கும் வேலையையும் பழனியாண்டியே மறுபடி ஏற்றுக்கொண்டார். முதல் சனிக்கிழமை, கேனோடு நேராகத் தொழிற்சாலைக்குள் வந்தார். ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கிண்ணமொன்றை சூசைரட்ணத்தின் மேசையில் வைத்து, அதில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றினார். அடியில் தண்ணீர் நின்றால் தெரியும்.

"பாத்துக்கங்க பிட்டரய்யா."

குரலில் குத்தல் இல்லை. கோபமும் இல்லை. அடுத்த சனியும் வந்தார். அதற்கடுத்த சனியும். மழையென்றாலும் வந்தார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு சூசைரட்ணம், "அண்ணே, வேணாம்ணே. நான் நம்புறேன்" என்றார்.

"நீங்க நம்புறதுக்காக இல்லீங்க. நாலு பேரு பாக்கட்டும்னுதான்" என்றார் பழனியாண்டி.

1986இல் டிஸ்பென்சர் மாற்றலாகிப் போய் வண்டியை விற்கும்வரை அது நடந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சூசைரட்ணம் வேலையை விட்டுவிட்டு எழுந்து, கிண்ணத்துக்கு மேல் குனிந்து பார்த்து, மெஷின் சத்தத்தையும் தாண்டி மொத்தத் தொழிற்சாலைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்வார்: "சுத்தமான பெட்ரோல்."

பழனியாண்டி தலையாட்டிவிட்டுக் கேனை எடுத்துக்கொண்டு போவார். அந்த ஏழு வருடத்தில் இருவரும் வேறொன்றும் பேசிக்கொண்டதில்லை.