மலைக்குக் கட்டிய பை

மழை விட்ட மறுநாள் காலையில்தான் அந்த மலை தெரியும் என்று என் கணவர் சொல்வார். எண்ணூரில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் உயரமான தொட்டி ஒன்று இருந்தது. அதன் உச்சிக்கு ஏறி மீட்டர் பார்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. அங்கே நின்றால் ஒரு பக்கம் கடல். மறுபக்கம் புகைக்கூண்டுகள், வெளுத்துக் கிடக்கும் நிலம், அதற்கும் அப்பால் வானத்தின் அடியில் ஈர விரலால் இழுத்துவிட்ட மாதிரி நீலமாக ஒரு கோடு.

கல்யாணமான புதிதில் இதை அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ராயபுரத்தில் பிறந்து திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் மாதா கோயில் கோபுரம், துறைமுகத்துக் கிரேன், ரயிலடி நடைமேம்பாலம். இவற்றுக்கு நடுவில் மலை எங்கிருந்து வரும்?

"மேகமா இருக்கும்" என்றேன்.

"மேகம்னா நவுரும்ல? இது அப்டியே குந்திகினு கீது" என்றார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் இருக்கும். தொழிற்சாலையைச் சுத்தம் செய்ய மூடினார்கள். அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கிடைக்கும் என்று தெரிந்தது. கூட வேலை செய்தவர் ஒருவருக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் மலை, நடுவில் ஓடை, காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்கிவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மலையைத்தானாம்.

என் மாமியார் வாசலில் அடுப்பு போட்டு இட்லி விற்பவர். ஆவி பறக்கும் தட்டை இறக்கிக்கொண்டே கேட்டார்.

"மேல இன்னா கோயிலு?"

"கோயில் இல்லம்மா. சும்மா மலை."

"சாமி இல்லாத மலைக்கு இன்னாத்துக்குடா போறீங்க?"

என் கணவர் சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் அந்த மலை வந்து உட்கார்ந்துகொண்டது. துணி துவைக்கும்போது, குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது, எங்கேயோ மேலே நடந்துகொண்டிருப்பேன். காற்று குளிராக இருக்கும். யாரும் இருக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டால் கீழே இறங்கி வந்து பதில் சொல்ல நேரமாகும்.

செருப்பு வழுக்கும், ஷூ வேண்டும் என்று அந்த ஊர்க்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். டோல்கேட் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வெள்ளை கேன்வாஸ் ஷூவைத் துடைத்து நீட்டி, "பாப்பா எந்த ஸ்கூலு?" என்றார். எங்களுக்குக் குழந்தை கிடையாது. "எனக்குத்தான்" என்றேன். அவர் குனிந்து என் காலில் நாடாவைக் கட்டிவிட்டார். பிறந்ததிலிருந்து நான் ஷூ போட்டதில்லை. கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல இருந்தன. ஜாக்கிரதையாக நடக்க வேண்டிய, கொஞ்சம் முக்கியமான யாரோ.

பழக வேண்டுமே. சாயங்காலங்களில் அதைப் போட்டுக்கொண்டு ரயிலடி மேம்பாலத்தில் ஏறி இறங்கினேன். மாமியார் துணைக்கு வந்து மேல்படியில் உட்கார்ந்துகொள்வார். கீழே எண்ணெய் டாங்கர்கள் கோத்த கூட்ஸ் வண்டி முடிவே இல்லாமல் ஊர்ந்துபோகும். அந்த நேரத்து வெளிச்சத்தில் எல்லாம் மஞ்சளாக இருக்கும். தண்டவாளம், டாங்கர், மாமியாரின் முகம் எல்லாமே. வண்டியைப் பார்த்துக்கொண்டே படியேறினால் பாலம்தான் நகர்வதுபோல இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன்.

"இன்னாடி, மலை வந்துச்சா?" என்பார்.

"இன்னும் இல்ல அத்தை."

"நடக்கறவ நட. நான் குந்தியிருக்கேன்."

இறங்கச் சொன்னாலும் சீக்கிரத்தில் எழுந்துகொள்ளமாட்டார். அங்கே காற்று வரும்.

சனிக்கிழமை மத்தியானமே பை கட்ட ஆரம்பித்துவிட்டோம். என் கணவர் ஷிஃப்டுக்குக் கொண்டுபோகும் பழைய ரெக்சின் பை. ஜிப் போய்விட்டதால் ஊக்கு மாட்டியிருந்தது. அதைக் கழுவிக் கொடியில் கவிழ்த்துக் காயவைத்தேன். புளிசாதம் கெடாது என்று மாமியார் புளி காய்ச்சினார். வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசம். பொடி தடவிய இட்லியை வாழை இலையில் வைத்து, நியூஸ் பேப்பர் சுற்றி, நூலால் கட்டினார். வறுத்த நெத்திலியும் ஒரு பொட்டலம் கட்டப் போனார்.

"மீன் வேணாம்னு சொல்லிக்கிறாங்க அத்தை. வாசனைக்குக் குரங்கு வருமாம்."

"கொரங்கு மீன் துன்னுமா?"

"தெரியல."

"அப்போ அதுக்கும் சேத்து வெக்கறேன்."

பெரிய சோடா பாட்டில்களில் தண்ணீர். எலுமிச்சம்பழம், உப்பு, ஒரு துண்டு, தீப்பெட்டி. வழுக்கினால் கட்ட பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி. ஒரு போர்வையையும் மடித்து வைத்தேன். பகலில் போய்ப் பகலிலேயே திரும்புகிற இடத்துக்குப் போர்வை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மலை என்றால் குளிரும் என்று மூன்று பேருமே நம்பினோம். எதைப் பைக்குள் வைத்தாலும் அது இன்னொரு இடத்தில் வெளியே வரப்போகிறது என்கிற நினைப்பு எனக்குக் கிறக்கமாக இருந்தது. இந்த எலுமிச்சம்பழம் நாளைக்கு மலைமேல் இருக்கும். இந்தத் துண்டு அங்கே நனையும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் கணவர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நாளைக்கு வேலைக்கு வரச் சொல்ட்டாங்க. சுத்தம் பண்றவன் ஒருத்தனுக்குக் காய்ச்சல். ஆளே இல்ல."

கட்டில்மேல் பை கொழுத்து உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றினார். நான் ஊக்கை எடுத்துவிட்டுப் போர்வையை வெளியே இழுத்தேன். மாமியார் அடுப்பங்கரையிலிருந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"வை உள்ள. நான் கூட்டிகினு போறேன்."

"நீயாம்மா?" என்றார் அவர்.

"ஏன், எனக்கு இன்னா காலு இல்லியா?"

"கடை?"

"ஒரு நாளு உப்புமா துன்னட்டும் ஊர்ல கீறவங்கல்லாம்."

என் கணவர் எங்களை மாறிமாறிப் பார்த்தார். எனக்கு அவர் இல்லாமல் போவது பிடிக்கவில்லை. போகாமல் இருப்பதும் பிடிக்கவில்லை. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "போய்ட்டு வாயேன். எப்டி கீதுன்னு சொல்லு" என்றார். பிறகு பையைத் தூக்கி எடை பார்த்து, வாரை என் தோளுக்குச் சரியாக இழுத்து முடிச்சுப் போட்டார்.

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். செங்குன்றம் போய் ஊத்துக்கோட்டை பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மாமியார் தன் ரப்பர் செருப்பைத் துணியால் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பஸ்ஸில் தூங்கி விழித்தபோது ஜன்னல் முழுக்க மலையாக இருந்தது. நீலம் எங்கும் இல்லை. பச்சையும் பாறையும்தான். ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி ஓடைக்கு வழி காட்டினாள்.

ஏறுவது நினைத்த மாதிரி இல்லை. மேம்பாலத்துக்கு முடிவு உண்டு, இதற்கு இல்லை. குளிரவும் இல்லை. வேர்வையில் முதுகில் பை ஒட்டிக்கொண்டது. கொஞ்ச தூரம் ஏறியதும் மாமியார் பையை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். உச்சிவரை போகவில்லை. பாதி மலையில் ஓடை குளம்போலத் தேங்கிய இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டோம். மாமியார் தண்ணீரில் கால் விட்டார். பொடி மீன்கள் வந்து அவர் விரல்களைக் கொத்தின. "ஐயோ, கூசுதுடி, கூசுதுடி" என்று அவர் சிரித்த சிரிப்பை வீட்டில் நான் கேட்டதே இல்லை. சாப்பிட்டு, போர்வையைப் பாறைமேல் விரித்துப் படுத்தார். படுத்ததும் தூக்கம். பகலில் அவர் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். மேக நிழல் ஒன்று எதிர்மலையில் மெதுவாக இறங்கி, எங்கள்மேல் ஏறி, கடந்து போயிற்று. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்பினோம். என் கணவர் சோறு வடித்து வைத்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நீ வந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

மாமியாருக்குச் சொல்லத் தெரிந்தது. மறுநாள் காலை இட்லி வாங்க வந்தவர்களிடமெல்லாம் மலையைப் பற்றிப் பேசினார். முதல் நாள் அது ஓடை. அடுத்த நாள் அருவி ஆயிற்று. அந்த வாரக் கடைசியில் அருவிக்கரையில் கரடி ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. என் கணவர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கரடியா? நெசமாவா?" என்றார் இட்லி வாங்க வந்தவர்.

"தோ, இவளக் கேளு. கூடத்தான இருந்தா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாம்" என்றேன். பொய் சொன்ன மாதிரியே இல்லை. அதற்குள் எனக்கும் அது லேசாக நினைவுக்கு வர ஆரம்பித்திருந்தது.