சம்பளக் கடிதத்தில் அரிசி விலை

சம்பளம் கூட்டித் தரும்படி கேட்டு நான் எழுதிய முதல் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்துப் போட வேண்டும் என்று எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறேன். வாசித்ததும் கோபம் தலைக்கேறும், அந்தக் கோபத்தில் கிழிக்க மறந்துவிடுவேன். அரைப் பக்கம்தான், சிங்களத்தில், என் முத்து முத்தான கையெழுத்தில். அரிசி விலையில் தொடங்கி அம்மாவின் முழங்கால் தைலத்தில் முடிகிறது. நான் என்ன வேலை செய்கிறேன் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது.

வேலை பெல்மதுளையில், ஒரு சின்னக் கம்பனியில். சிறுதோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து வாங்கிப் பெக்டரிகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். ஆறு லொறி, பதினெட்டுப் பேர், ஒரு முதலாளி. கம்பியூட்டர் என்று சொல்லக்கூடிய எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். தராசில் விழும் கிலோ நேரே கம்பியூட்டருக்கு வருவதும், அது கொழுந்துக்காரரின் போனுக்கு மெசேஜாகப் போவதும், மாதக் கடைசியில் எல்லாருக்கும் சீட்டு அடிப்பதும் என் பொறுப்பு. கெமரா, இன்டர்நெட், ஈமெயில், பிரிண்டரில் சிக்கிய பேப்பர், முதலாளி மகளின் ஒன்லைன் வகுப்பு, முதலாளியின் மனைவி வாரத்துக்கு ஒரு தடவை மறக்கும் பாஸ்வேர்ட், இவையும் என் தலையில்தான். இரத்தினபுரியில் டிப்ளோமா முடித்த கையோடு சேர்ந்தேன். அப்போது அங்கே ஒரு பழைய கம்பியூட்டரும் நான்கு கணக்குக் கொப்பிகளும்தான் இருந்தன. மிச்சமெல்லாம் நான் கட்டியது.

நன்றாகக் கட்டியதுதான் நான் செய்த தப்பு. எதுவும் கெட்டுப்போவதில்லை, அதனால் நான் சும்மா இருக்கிறேன் என்று எல்லாருக்கும் நினைப்பு. லொறி டிரைவர் ஒருவர் என் அறையை எட்டிப் பார்த்து, "நங்கிக்கு என்ன, பேன் காத்துல உக்காந்து சம்பளம்," என்பார். நங்கி என்றால் தங்கச்சி. தங்கச்சியும் பல்லைக் காட்டிச் சிரிப்பாள். தராசு ஒரு மணி நேரம் நின்றுபோனால் அவருடைய லொறி எங்கே நிற்கும் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்டதில்லை.

வீடு கஹவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா இறந்த பிறகு தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஓர் அறையில், அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா கொழுந்து பறிக்கப் போனார். எங்கள் தோட்டத்தில், வீட்டில் ஒருவருடைய பேராவது செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள். அம்மாவுக்கு வலது முழங்கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. காலையில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுவதற்கு முன்னால், பழைய சேலைத் துணியைக் கிழித்து முழங்காலில் இறுக்கிச் சுற்றுவார். மலையில் ஏறும்போது வலி இல்லையாம், இறங்கும்போதுதான் வலியாம். அதை ஒரு நல்ல செய்தி போலச் சொல்வார்.

பெல்மதுளையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அறையை வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். தரையோடு தரையான வாசல், ஒரு படிகூட இல்லை. தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருந்தது. அம்மா அந்தக் குழாயைத் திறந்து பார்த்துச் சிரிப்பது எனக்கு அங்கேயே தெரிந்தது. வாடகை பதினைந்தாயிரம். என் சம்பளம் நாற்பத்திரண்டாயிரம். அம்மாவின் சம்பளம் இல்லாமல், வாடகையும் கட்டி, இரண்டு பேர் மருந்தும் சோறுமாக இருக்க எழுபதாயிரம் வேண்டும். எழுபது கிடைத்தால் அம்மா பேரை எடுத்துவிட்டு மலையை விட்டு இறங்கிவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதலாளியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வயிறு எரிந்திருக்காது. அவர் எதையும் 'ஹரி', அதாவது சரி, என்றுதான் தொடங்குவார். சொன்னது சிங்களத்தில், ஆனால் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஹரி, நங்கி. ஒங்களுக்கு நியாயமா என்ன குடுக்கணும்னு எனக்கே தெரியல. இந்த மாதிரி வேலைக்கு நான் ஆள் வச்சது இதுதான் மொத தடவ. நீங்களே எழுதிக் கொண்டு வாங்க, பாப்போம்."

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, வா என்று கூப்பிட்டார் மனிதர். நான்தான் பின்வாசல் பக்கம் போய் நின்றேன்.

எங்கள் ஆட்களுக்குச் சம்பளம் கேட்க ஒரே ஒரு வழிதான் தெரியும். நாட்சம்பளத்தைக் கொழும்பில் யாரோ யாருடனோ பேசி முடிப்பார்கள். நாங்கள் செய்யக்கூடியது கஷ்டத்தைச் சொல்வது மட்டும்தான். அப்பா தோட்டத்தில் சங்கத் தலைவராக இருந்தவர். அவர் எழுதும் ஒவ்வொரு மனுவும் அரிசி என்ன விலை, கோதுமை மா என்ன விலை, தேங்காய் என்ன விலை என்றுதான் தொடங்கும். பத்து வயதில் அவற்றை நல்ல தாளில் பார்த்து எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு கிலோ கொழுந்தை விற்றால் தோட்டத்துக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு மனுவிலும் எழுதியதாக ஞாபகம் இல்லை. வயிற்றைக் காட்டித்தான் கேட்டோம். அப்படிக் கேட்டுச் சில நேரம் ஐம்பது, நூறு கூடியும் இருக்கிறது. அதனால் கேட்கிற முறையே அதுதான் என்று நினைத்துவிட்டோம். டிப்ளோமா படித்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அரிசி எழுதினேன். மா, பருப்பு, தேங்காய் எண்ணெய், பஸ் காசு, கரண்ட் பில், அம்மாவின் மாத்திரை, தைலம். கடைசியில் எழுபதாயிரம் என்று எழுதப் பேனையை வைத்தேன். கை ஓடவில்லை. அவ்வளவு பெரிய தொகையை என் பேருக்கு நேரே எழுதக் கூச்சமாக இருந்தது. "சேர் பார்த்துச் செய்யவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனையும் எடுத்துக்கொண்டார். உண்மையிலேயே நியாயமாகச் செய்ய வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார்.

"வீட்டு வாடக எழுதலையே?"

"வாடக இல்ல சேர். தோட்டத்து லயம்."

"தண்ணி பில்லு?"

"பீலித் தண்ணி சேர், மலையிலருந்து சும்மா வருது."

"வெறகு?"

"அதுவும் தோட்டத்துலதான்."

"அம்மாவும் வேலைக்குப் போறாங்கதானே?"

"போறாங்க சேர்."

ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கோடு இழுத்தார். அரிசிக்குப் பக்கத்தில் பாதி என்று எழுதினார், அம்மா சம்பாதிப்பதால். பஸ் காசு கூடியிருப்பதை ஒப்புக்கொண்டார். மருந்தையும் ஒப்புக்கொண்டார். கூட்டிப் பார்த்துவிட்டு, தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.

"நாலாயிரம் கூட்டுறேன். நாப்பத்தாறு. சந்தோஷமா நங்கி?"

"சந்தோஷம் சேர்," என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது, ஈரத்துக்கு என்று கிலோவில் கொஞ்சம் கழிப்போம். அந்தக் கழிவைத் தானாகப் போடும்படி கம்பியூட்டரில் எழுதி வைத்ததும் நான்தான். கொழுந்துக்காரர்கள் வந்து சண்டை பிடிப்பார்கள், திட்டுவார்கள், கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் சண்டையும் பிடிக்கவில்லை. அம்மா நொண்டி நொண்டிக் காப்பாற்றி வைத்திருந்த தோட்டத்துக் காம்பராவை, தோட்டத்தோடு சம்பந்தமே இல்லாத என் கம்பனி என் சம்பளத்தில் கழித்தது. எதை எதைக் கழிக்கலாம் என்று ஒன்றுவிடாமல் எடுத்துக் கொடுத்தவளும் நானே.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா முகம் மலர்ந்துபோனது.

"நாலாயிரமா? சும்மாவா புள்ள! இதுல கால்வாசி கூட்ட ஒங்கப்பா காலத்துல எத்தன நாளு வேல நிறுத்தம் செஞ்சோம் தெரியுமா?"

"அந்த ரூம்பு எடுக்க முடியாதும்மா."

"முடியாட்டிப் போகுது. இன்னும் ரெண்டு வருசம் ஏறி எறங்க மாட்டேனா நான்? ஏறயில வலிக்கவே இல்லங்குறேன்."

சொன்னபடியே இரண்டு வருடம் ஏறி இறங்கினார். அந்த அறைக்கு யாரோ ஒரு டீச்சர் குடிவந்தார். தேங்காய் விலை ஏறியது, மாத்திரை விலை ஏறியது. நான் மறுபடியும் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்குள் இன்னொரு தடவை வயிற்றைக் காட்ட வெட்கமாக இருந்தது.

பிறகு ஒரு நாள், மலையிலிருந்து இறங்கும் குறுக்குப் பாதையில், அம்மா கொழுந்துச் சாக்கோடு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. இரண்டு பெண்கள் தாங்கிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முழங்கால் தேய்ந்தே போய்விட்டது, ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஒப்பரேஷன் முடிந்த பிறகு, இனி நடக்கலாம், மலை ஏற முடியாது என்றார்கள். நான் பத்து நாள் லீவு போட்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு நீளமாக லீவு போட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது நாளே தராசு கம்பியூட்டரோடு பேசுவதை நிறுத்திவிட்டது. போனில் சொல்லிக் கொடுத்துச் சரிசெய்தேன். ஆனால் முதலாளி பயந்துவிட்டார். வெளியில் ஒரு கம்பனியிடம், இந்த வேலையையெல்லாம் பார்க்க மாதம் என்ன கேட்பீர்கள் என்று விலை கேட்டிருக்கிறார். பதில் ஆபீஸ் ஈமெயிலுக்கு வந்தது. ஆபீஸ் ஈமெயிலைப் பார்ப்பது யார்? நான்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, அதைப் போனில் திறந்தேன்.

தராசு இணைப்புப் பராமரிப்பு, இவ்வளவு. கொழுந்துக் கணக்கைத் தினமும் பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்தல், இவ்வளவு. கெமரா, இவ்வளவு. ஈமெயிலும் பாஸ்வேர்டும், இவ்வளவு. மொத்தம் மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம். மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் ஆள் வந்தால் அதற்குத் தனிக் காசு. நான் தினமும் செய்த ஒவ்வொன்றுக்கும் பேர் இருந்தது, பேருக்கு நேரே விலை இருந்தது. அனுப்பியவருக்கு அம்மா இருக்கிறாரா, அவர் வாடகை கட்டுகிறாரா, எங்கே குளிக்கிறார், அரிசி என்ன விலைக்கு வாங்குகிறார், ஒன்றும் அதில் இல்லை. கேட்கவும் மாட்டார்கள்.

மூன்று தடவை வாசித்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முதலாளி மேல் கொஞ்சம், அப்பாவின் மனுக்கள் மேல் கொஞ்சம், மிச்சம் முழுக்க என் மேல்.

அதே வாங்கில் உட்கார்ந்து என் கடிதத்தை எழுதினேன். வேலைகளை மட்டும் எழுதினேன், இருபத்து மூன்று வந்தது. கடைசி வரியில் எண்பத்தையாயிரம் என்று எழுதினேன். இந்தத் தடவை கை நிற்கவில்லை.

லீவு முடிந்து போய் நீட்டினேன். முதலாளி கண்ணாடியைப் போட்டார். பேனையை எடுத்தார். மேலிருந்து கீழே வந்தார், மறுபடி மேலே போனார். கோடு இழுக்க ஓர் இடமும் இல்லை. பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"ஹரி. அடுத்த மாசத்துல இருந்து போடுவோம்," என்றார்.

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் கதவருகே போனபோது பின்னால் குரல் கேட்டது.

"இத அன்னைக்கே இப்படி எழுதியிருக்கலாமே நங்கி? ஒங்களுக்கு இவ்வளவு வேல இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா கால் நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செக்ரோலில் பேரை வெட்டியாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் காம்பராவை விட வேண்டும், நான் வேறோர் அறை பார்த்து வைத்திருந்தேன். எண்பத்தைந்து என்று சொன்னேன். அம்மா காலின் கட்டை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த மொதலாளி மாத்தயா ஒடனே சரின்னுட்டாரா?"

"ஆமாம்மா."

"ஏன் புள்ள, அன்னைக்கே நீ இப்புடிக் கேட்டிருந்தா குடுத்திருப்பாரா?"

நான் பையைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தேன். அதைக் கழுவப் போகிறவள் போல வாசலுக்கு நடந்தேன்.

"இல்லம்மா," என்றேன். "அன்னைக்கு எப்புடிக் கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டாரு."

"அதான பாத்தேன்," என்றார் அம்மா. குரலில் அப்படி ஒரு நிம்மதி.